வண்ணம் பூசிய துணியில் ஊசி திணறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சுவரில் மாட்டும் குயில்ட் (நடுவே பஞ்சு வைத்து அடுக்கித் தைக்கும் துணி) தைத்து வருகிறேன். மூன்று ஆண்டுகள் கடையில் வாங்கிய பூப்போட்ட துணிகளையே வெட்டி இணைத்தேன். எதைத் தைத்தாலும் வேறு யாரோ வரைந்தது போலவே இருந்தது. இப்போது காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, நானே வண்ணம் தீட்டுகிறேன். ஈரம் காயும் முன் கல்லுப்பைத் தூவினால், அது நிறத்தை இழுத்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்ட நாளும் உண்டு.

சிக்கல் தையலில்தான். நான் பூசும் அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் துணி அப்பளமாக விறைக்கிறது. பஞ்சும் அடித்துணியும் சேர்த்து மெஷினில் ஓட்டினால் நூல் அறுந்துபோகிறது. பிரித்தாலோ ஊசித்துளை மறைவதே இல்லை. 14-ஆம் எண் ஊசியை விட்டு 16-க்கு மாறினேன், துளைதான் பெரிதானது. தண்ணீர் கூட்டினால் நிறம் வெளுத்துக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது.

அக்ரிலிக்கோடு துணிக்கான மீடியம் (துணி விறைக்காமலிருக்க வண்ணத்தில் சேர்க்கும் திரவம்) கலப்பவர்கள் என்ன விகிதத்தில் கலக்கிறீர்கள்? இஸ்திரி போட்டபின் விறைப்பு குறைகிறதா? முதலில் தைத்துவிட்டு அதன் மேல் வண்ணம் பூசுபவர்கள், பஞ்சுக்குள் ஈரம் இறங்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பாதி தைத்த குளக்கரைக் காட்சி ஒன்று மேசையிலேயே கிடக்கிறது.