புதுப்பிப்பு: வெல்ட்-001408 பிழை தீர்ந்தது

வைல்ட்ஃபிளை (ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர்) 26-இலிருந்து 27-க்கு மாறியதும் எங்கள் வலைச் செயலி டெப்ளாய் ஆகவே மறுக்கிறது, இம்போர்ட்களைப் பழைய ஜாவாக்ஸ் பெயரிலிருந்து புதிய ஜகார்தா பெயருக்கு மாற்றியும் 'அன்சாட்டிஸ்ஃபைட் டிபென்டன்சீஸ்' (ஒரு வகுப்புக்குத் தேவையான பொருள் கிடைக்கவில்லை) என்ற வெல்ட்-001408 பிழையே வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் பீன்ஸ்.எக்ஸ்எம்எல். வெப்-இன்ஃப் கோப்புறையில் அது எங்களிடம் வெறும் காலிக் கோப்பு. சிடிஐ (வகுப்புகளுக்குத் தேவையான பொருள்களைத் தானாகக் கொடுக்கும் ஜாவா முறை; வைல்ட்ஃபிளையில் அதைச் செய்வது வெல்ட்) 3 வரை காலிக் கோப்பு இருந்தாலே எல்லா வகுப்புகளையும் பீனாக, அதாவது தானே உருவாக்கித் தர வேண்டிய பொருளாக, எடுத்துக்கொள்ளும். வைல்ட்ஃபிளை 27-இல் வரும் சிடிஐ 4-இல் அதே காலிக் கோப்புக்கு 'அனோட்டேட்டட்' (குறிப்பு போட்ட வகுப்புகள் மட்டும்) என்று பொருள். ஸ்கோப் குறிப்பு (பீன் எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்வது) இல்லாத வகுப்பு, பீன்களை நிர்வகிக்கும் கன்டெய்னர் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ரசீது சேவை வகுப்பின் தலையில் ஒரு குறிப்பும் இல்லை!

அந்தக் கோப்பில் பீன்-டிஸ்கவரி-மோட் என்பதை 'ஆல்' (எல்லா வகுப்புகளும்) என்று வைத்தால் உடனே சரியாகிவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வகுப்பாகத் திறந்து @டிபென்டன்ட் போட்டேன். முன்பு தானாகக் கிடைத்த ஸ்கோப்பும் அதுதான், நடத்தை மாறாது. அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் @அப்ளிகேஷன்ஸ்கோப்ட் (செயலி முழுவதற்கும் ஒரே பொருள்) போட்டுவிடாதீர்கள். ஃபீல்டில் பயனர் விவரம் வைத்திருக்கும் வகுப்பென்றால் ஒருவர் தரவு இன்னொருவருக்குப் போய்விடும்.

அப்புறம் இன்னொன்று. ஒரே ஒரு கோப்பில் பழைய ஜாவாக்ஸ் @இன்ஜெக்ட் (இந்த ஃபீல்டில் பீனைக் கொடு என்று சொல்லும் குறிப்பு) தங்கிவிட்டது. ஏதோ ஒரு ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) அதை உள்ளே கொண்டுவந்ததால் கம்பைல் ஆனது. ஓடும்போது அந்த ஃபீல்ட் நல் (காலி). அந்தப் பழைய டிபென்டன்சியை மேவனில் (நூலகங்களைச் சேர்த்துச் செயலியைக் கட்டும் கருவி) எக்ஸ்க்ளூட் செய்ததும் கம்பைலரே இடத்தைக் காட்டிவிட்டது.