ஸ்பெக்ட்ரம் 48கே: ஏ, எஸ், டி, எஃப், ஜி ஐந்து கீயும் வேலை செய்யவில்லை

கேள்வி:
வணக்கம். ரப்பர் கீ வைத்த பழைய ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. படம் சுத்தமாக வருகிறது, கேசட்டில் இருந்து கேமும் லோடு ஆகிறது. ஆனால் ஏ, எஸ், டி, எஃப், ஜி ஐந்தும் எவ்வளவு அழுத்தினாலும் விழவில்லை. மற்ற கீகளில் ஒரு குறையும் இல்லை. பல கேம்களில் கீழே இறங்க ஏ தான் வேண்டும். திறந்து துடைத்தால் சரியாகுமா?

பதில்:
ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். என் இன்னொரு பழைய கம்ப்யூட்டர், கமடோர் 64, அப்படித்தான் சரியானது.

இன்னொரு பதில்:
கமடோருக்கு அது நல்ல வைத்தியம். அதில் கீயின் அடியில் உள்ள கரி பூசிய ரப்பர் நேராகச் சர்க்யூட் போர்டைத் தொடும். ஸ்பெக்ட்ரத்தில் ரப்பர் அழுத்த மட்டும்தான். தொடர்பு நடப்பது மெம்ப்ரேன் எனும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் தாள்களுக்குள். அங்கே பஞ்சு போகாது.

தம்பி, எந்த ஐந்து போனது என்பதிலேயே விடை இருக்கிறது. 40 கீயும் ஐந்தைந்தாக எட்டு அரைவரிசை. அரைவரிசைக்கு ஒன்றாக எட்டு மின்கோடுகள் ஒரு வாலில், அதாவது மெம்ப்ரேனிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டையில், இறங்கும். குறுக்கே போகும் ஐந்து கோடுகள் இன்னொரு வாலில். உங்களுக்கு எட்டில் ஒன்று அறுந்திருக்கிறது. ஐந்தில் ஒன்று என்றால் எட்டு கீ சேர்ந்து போயிருக்கும். 1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், 0, பி, என்டர், ஸ்பேஸ் என்று ஓரத்தில் இருப்பவை எல்லாம். வயதான மெம்ப்ரேன் மொறுமொறுவென்று ஆகிவிடும். வால் மடங்கும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

புதிது வாங்கும் முன் போர்டைச் சோதியுங்கள். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, மேல்மூடியை மெதுவாகத் தூக்கி, இரண்டு வாலையும் நேராக மேலே உருவுங்கள். ஆன் செய்து, ஒரு சின்ன வயரின் ஒரு முனையை ஐந்து பின் கனெக்டரில் வைத்து, மறுமுனையால் எட்டு பின்னையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கீ அழுத்தினால் நடப்பதும் இதேதான். ஒரு பின் மட்டும் பேசாவிட்டால் அந்தக் கோட்டில் உள்ள டயோடைப் பாருங்கள்.

கேட்டவர்:
செய்தேன் அண்ணா! எட்டும் பேசுகிறது. ஒரு பின்னைத் தொட்டதும் திரையில் ‘ஃபார்’ என்று வந்தது. அது எஃப் கீயின் கட்டளைதானே! வாலை வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. சில்வர் பெயின்ட் தடவலாமா?

இன்னொரு பதில்:
அப்போ போர்டு நன்றாக இருக்கிறது. பெயின்ட் வேண்டாம், அடுத்த தடவை மூடி திறக்கும்போது பக்கத்திலேயே விரியும். புது மெம்ப்ரேன் இன்றும் செய்து விற்கிறார்கள். ரப்பர் கீ மாடலுக்கு என்று கேட்டு வாங்குங்கள், ஸ்பெக்ட்ரம் பிளஸுக்கு உள்ளது வேறு. மேலே உள்ள உலோகத் தகடு இருபுறம் ஒட்டும் டேப்பில் நிற்கும். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஓரமாகப் பொறுமையாக நெம்புங்கள். அவசரப்பட்டால் தகடு வளைந்துவிடும், அந்தத் தழும்பு போகவே போகாது. புது வாலைச் சொருகும்போது நுனிக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து நேராக இறக்குங்கள். மூடும்போது வால் வளையலாம், மடிப்பு மட்டும் விழக்கூடாது.