சோப்புக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். ஓசிடிக்கு, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய்க்கு, வைத்தியம் பார்த்தால் எவ்வளவு ஆகும் என்று இந்தக் குழுவில் ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. வைத்தியத்துக்கு முன்னாடி ஆன செலவைச் சொல்லாமல் வைத்தியச் செலவை மட்டும் சொன்னால் பாதிக் கணக்குதான், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் குரோமியக் கழிவு வருஷக்கணக்காகக் குவிந்து கிடப்பதும் நிலத்தடித் தண்ணீர் கெட்டுப்போனதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் வேலை முடிந்து வந்து வாசலிலேயே துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போனபோது நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் அரை மணியானது, அரை மணி இரண்டு மணியானது. கையில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. அப்போதும் கெமிக்கல் அலர்ஜி என்று தோல் டாக்டரிடம்தான் போனோம். களிம்புக்கே மூன்று மாதத்தில் 4,000 ரூபாய்க்கு மேல்.

எனக்கு உறைத்தது மளிகைக் கடையில். "என்னம்மா, வீட்டுல சோப்புக் கடை ஏதாவது வச்சிருக்கியா?" என்று கடைக்காரர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைப் புரட்டினேன். அந்த மாதம் மட்டும் 26 சோப்பு, நாலு பாட்டில் டெட்டால், தெருக் குழாயில் வருவது போதாமல் தனியாக மூன்று லாரி தண்ணீர். வெயில் காலத்தில் நம் பக்கம் ஒரு லாரித் தண்ணீர் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தால் 5,000 தாண்டியது. குளித்து முடிக்க நேரமாகிறது என்று அவர் ஓவர்டைம் விட்டது அந்தக் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை உள்ளே விடாமல் நிற்க வைத்தே குளிப்பாட்டியதற்கு என்ன விலை போடுவது?

நடுவில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்தார். திருஷ்டி கழித்தோம், தகடு வைத்தோம். தகட்டுக்கு என் தோடு போனது.

கடைசியில் தோல் டாக்டரே, இது தோல் வியாதி இல்லையம்மா, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று வேலூருக்கு அனுப்பினார். அங்கே பத்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, 40க்கு 31 என்றார்கள். மார்க் கூடினால் நோய் கடுமை என்று அர்த்தம். அன்றைக்குத்தான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே தெரிந்தது. அவர் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, "அப்ப நான் பைத்தியம் இல்லையா?" என்று கேட்டார்.

சரி, செலவு. செர்ட்ரலின் என்ற மாத்திரையை 50 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக 200 வரைக்கும் ஏற்றினார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக அளவு வேண்டியிருக்கும், முழுப் பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாவது வாரமே நிறுத்தியிருப்போம். வெளிக் கடையில் மாத்திரை மாதம் 800 ரூபாய் வரை ஆனது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அதே மருந்தை மக்கள் மருந்தகத்தில் வாங்கியபோது பாதிக்கும் குறைந்தது.

பெரிய செலவு பயிற்சிதான். ஒரு தடவைக்கு 800, மொத்தம் 14 தடவை. அதோடு அவருக்கு அரைநாள் சம்பளம், இரண்டு பேருக்கும் பஸ். எதற்கு எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டு ஏணி மாதிரி எழுதச் சொன்னார்கள். முதல் படி எங்கள் வீட்டு கேட் கைப்பிடி. தொட வேண்டும், கழுவக் கூடாது, அவ்வளவுதான். முதல் நாள் 90 என்றார், உடம்பெல்லாம் வேர்த்தது. முக்கால் மணி கழித்துக் கேட்டபோது 40. கழுவாமலே பயம் தானாக இறங்கும் என்பதை அவர் உடம்பு முதல் தடவையாகப் பார்த்தது. கம்பெனியில் மற்றவர்கள் எத்தனை தடவை கை கழுவுகிறார்களோ அத்தனை தடவை கழுவலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பதும் சொல்லிக்கொடுத்த கணக்கு.

இதில் எனக்கும் பாடம் இருந்தது. ராத்திரி "என் மேல ஒண்ணும் ஒட்டலையே?" என்று முப்பது தடவை கேட்பார், நானும் முப்பது தடவை "ஒட்டலைங்க" என்பேன். அந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி என்றார்கள். "தெரியாதுங்க, இருக்கலாம்" என்று சொல்லப் பழகினேன். பைசா செலவில்லாத இந்த ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஏழு மாதத்தில் அந்த 31 மார்க் 12க்கு இறங்கியது. வைத்தியத்துக்கு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சோப்பு, தண்ணீர், தகடு, களிம்பு என்று அதற்கு முன்னாடி மூன்று வருஷம் போனதை முழுசாகக் கூட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை கழுவுவது இல்லை, மனசுக்குள்தான் எல்லாம். சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வரும், அதை அழிக்க ஒரே மந்திரத்தை 108 தடவை சொல்வேன், நடுவில் தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. வெளியே யாருக்கும் தெரியாது என்பதால் அம்மாவே நம்பவில்லை. பரிகாரத்துக்கு மட்டும் கடன் வாங்கி 18,000 செலவு செய்தோம்.

தனியாரிடம் போகக் காசில்லை, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். சீட்டுக்கும் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. ஃப்ளுவாக்செட்டின் கொடுத்தார்கள். செலவென்று பார்த்தால் பஸ்ஸும் ஒரு நாள் வேலையும்தான். ஆனால் கூட்டம் அதிகம், டாக்டர் பேச நேரம் குறைவு, அக்கா சொன்ன மாதிரி படிப்படியான பயிற்சி எனக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அப்புறம் நான் செய்த தப்பு, நாலு மாதத்தில் நல்லாகிவிட்டது என்று நானாகவே மாத்திரையை விட்டேன். இரண்டே மாதத்தில் பழையபடி வந்துவிட்டது, காலேஜில் ஒரு செமஸ்டர் போனது. நன்றாக இருந்தாலும் ஒரு வருஷமாவது மாத்திரை தொடர வேண்டும், நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. யாரும் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

காட்பாடியிலிருந்து ஓர் அண்ணன்:

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். என் தங்கை இதே நோயால் சாப்பிடுவதையே நிறுத்தும் அளவுக்குப் போய் 16 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மனநோய்க்குப் பணம் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது, அதுவும் மூன்று மாதம் அலைய வைத்து. ஒன்று கவனியுங்கள், சாதாரண பாலிசியில் அட்மிட் ஆனால்தான் பணம். ஓசிடிக்குப் பெரும்பாலும் அட்மிட் தேவைப்படாது, மாத்திரையும் பயிற்சியும் வெளிநோயாளியாகவே நடப்பது, அந்தச் செலவு முழுக்க நம் தலையில்தான். எனக்கு இதில்தான் கோபம். பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம் மாதிரி, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் அந்த ஆளின் சம்பளம் போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

ராணிப்பேட்டை அக்கா மறுபடியும்:

தம்பி, அடுக்கம்பாறையை விட்டுவிடாதே. அடுத்த தடவை போகும்போது, படிப்படியான பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று வாய் விட்டுக் கேள், கூட்டத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416க்கு அடி. டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பேசியிருக்கிறார். அம்மாவையும் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வெளியே தெரியாவிட்டாலும் இது நோய்தான் என்று டாக்டர் வாயால் அவர்களும் கேட்கட்டும்.