புல் கூரை வீட்டில் பிறந்தவர்

சித்தப்பா: காணொளி பார்த்தீர்களா? கூரை முழுக்கப் புல்! டென்மார்க்காம்.

நான்: ஃபாரோ தீவுகள் சித்தப்பா. டென்மார்க் அரசுக்கு உட்பட்டது, ஆனால் மொழி வேறு, ஃபாரோயீஸ். இதே மாதிரி புல் கூரை போட்ட பழைய பண்ணை வீடு கிர்க்யுபேர் என்ற ஊரில் இருக்கிறது. சுசன்னா ஹெலனா பாதுர்சன் 1864இல் அங்கேதான் பிறந்தார். அத்தை, உங்களுக்குப் பிடிக்கும் இவரை.

அத்தை: யாரம்மா அது? டீச்சரா?

நான்: பள்ளிக்கூடத்து டீச்சர் என்று சொல்ல வரவில்லை அத்தை. ஆனால் ஊருக்கே பாடம் எடுத்தார். அப்போது அங்கே பள்ளியிலும் தேவாலயத்திலும் டேனிஷ்தான். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒன்று, படிப்பது ஒன்று.

அத்தை: சரி, யாருமே கேட்கவில்லையா?

நான்: கேட்டார்கள். 1888 டிசம்பர் 26, தலைநகர் தோர்ஷவ்னில் கூட்டம் போட்டார்கள். தீர்மானம் என்ன தெரியுமா? போதுமான பாடப்புத்தகம் வந்த பிறகு பள்ளியில் ஃபாரோயீஸ் சொல்லித் தரலாம்!

அத்தை: நல்ல கதை. புத்தகத்தை யார் எழுதுவது?

நான்: அங்கேதான் இவர் வருகிறார். அடுத்த வருடமே, 1889இல், ஃபாரோயீஸில் முதல் நாடகத்தை எழுதிவிட்டார். மேடையும் ஏறியது. 1905இல் பெண்களுக்காக ஒரு பத்திரிகை, அந்தத் தீவுகளில் அதுதான் முதல். பெயர் ‘தீவுகள்’. சமையல், வீட்டு நிர்வாகம், பெண்கள் உரிமை எல்லாம் அதில் உண்டு. 1908 வரை வந்தது.

அக்கா: உரிமைக்குப் பக்கத்திலேயே சமையலா? 🙄

நான்: அதுதான் சாமர்த்தியம் அக்கா! பள்ளியில் டேனிஷ் மட்டும் படித்த பெண்ணுக்கு, அடுப்படிக்கு வேண்டியதை வீட்டு மொழியில் அச்சடித்துக் கொடுத்தால் வாசிக்காமல் விடுவாளா? 1909இல் சமையல் புத்தகமும் போட்டார். தலைப்பிலேயே ‘ஒவ்வொரு வீட்டுக்கும்’ என்று இருக்கும்.

அத்தை: நான் வகுப்பில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ததை இந்த அம்மா ஊருக்கே செய்திருக்கிறார். பள்ளியில் எப்போதுதான் வந்தது?

நான்: 1938இல்தான் டேனிஷுக்குச் சமமாக வைத்தார்கள். இவர் 1916இலேயே காலமாகிவிட்டார்.

அக்கா: அடப்பாவமே. அண்ணன் தம்பி யாரும் துணைக்கு இல்லையா?

நான்: யோவானஸ் பாதுர்சன், கூடப் பிறந்தவர். அரசியலில் பெரிய ஆள். அந்த 1888 கூட்டத்தில் வாசித்த கவிதை அவர் எழுதியதுதான். தேடினால் முதலில் அவர்தான் வருவார், அவருடைய அக்கா சுசன்னாவைப் பற்றி நாலு வரி கிடைத்தால் பெரிது.

அத்தை: அதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். அந்த நாலு வரியை இங்கே போடு, என் பழைய ஸ்கூல் குரூப்புக்கு அனுப்ப வேண்டும்.

சித்தப்பா: நான் கூரையைத்தானே காட்டினேன் 😄