புதுப்பிப்பு: வான்கோ தேடல் விளையாட்டு ஆடி முடித்தோம்

வான்கோவின் ஓவியங்களை அருங்காட்சியக இணையதளங்களில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கிறேன், குறிப்புகள் போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று ஆடினோம்.

நேரத்தையெல்லாம் விழுங்கியது ‘படுக்கையறை’தான். அதே அறையை அவர் மூன்று முறை வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, பாரிஸில் ஒன்று. மூன்றையும் அருகருகே திறந்து வைத்ததும், கட்டிலுக்கு மேலே தொங்கும் உருவப்படங்கள் மாறுவதைச் சின்னவள் பிடித்துவிட்டாள். அந்த நீலச் சுவர் முதலில் ஊதாவாக இருந்தது, சிவப்பு நிறமி மங்கியதால் இப்படி ஆனது என்றேன். பெரியவன் நம்பவே இல்லை.

லண்டன் ‘சூரியகாந்தி’யில் ஜாடி மேல் இருக்கும் ‘வின்சென்ட்’ கையெழுத்து ஒரே நிமிடத்தில் அகப்பட்டது.

தவறு என்னுடையது. கான்சாஸ் சிட்டியில் உள்ள 1889ஆம் ஆண்டு ‘ஆலிவ் மரங்கள்’ ஓவியத்தின் வண்ணத்தில் ஒட்டிக்கொண்ட வெட்டுக்கிளியைத் தேடச் சொல்லியிருந்தேன். 2017இல் வல்லுநர் உருப்பெருக்கியில் கண்டது அது! திரையை எவ்வளவு பெரிதாக்கியும் எங்களுக்குத் தூரிகைத் தடம்தான் தெரிந்தது. அரை மணி நேரம் போனபின் சின்னவள் அழவே தொடங்கிவிட்டாள். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன்.