மூடியைச் சாத்தியும் லினக்ஸ் லேப்டாப் தூங்கலையா? உங்க அனுபவம் சொல்லுங்க

மொட்டைமாடி:
விழுப்புரம் தாண்டினப்போதான் தெரிஞ்சது. மடியில இருந்த பையோட அடிப்பக்கம் தோசைக்கல்லாட்டம் சுடுது. ஜிப்பைத் திறந்தா உள்ள ஃபேன் கத்திக்கிட்டிருக்கு, பேட்டரி 9%. ஆஃபீஸ்ல மூடியைச் சாத்தி அப்படியே பைக்குள்ள திணிச்சுட்டு ஓடி வந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எழுதி வச்ச லாக் பாத்தேன். தூங்கறதுக்கு முன்னாடி ஓடிட்டிருக்கிற பிராசஸ் எல்லாத்தையும் அது உறைய வைக்கணும். 20 வினாடி போராடியிருக்கு. ஒரே ஒரு பிராசஸ் உறைய மாட்டேன்னுடுச்சாம். யாருடான்னு பாத்தா, ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு பட்டியல் போடுற எல்எஸ் கட்டளை! வேற கம்ப்யூட்டரோட ஃபோல்டரை நெட் வழியா நம்ம ஃபோல்டராட்டம் காட்டுற எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் மவுன்ட்ல போட்டது. வைஃபை போனதும் பதிலுக்குக் காத்து டி நிலையில (சிக்னல் எதுவும் எழுப்ப முடியாத காத்திருப்பு) நின்னுடுச்சு. மத்த முந்நூத்திச் சொச்சம் பிராசஸும் கப்சிப்னு அடங்கினப்புறம், இந்த ஒண்ணுக்காக எல்லாத்தையும் திரும்ப எழுப்பி விட்டிருக்கு.

பழையஇரும்பு:
எனக்கு, சாகக் கிடந்த யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க். தங்கச்சி கல்யாண போட்டோ காப்பி ஆகிட்டிருந்தது, டிஸ்க் டிக் டிக்னு சத்தம். சஸ்பெண்ட் அமுக்கினா மவுஸ் அப்படியே நிக்கும், 20 வினாடி கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி நகரும். மூணு தடவை எண்ணிப் பாத்தேன். டிஸ்க்குக்கு ஒரு கட்டளைக்கு 30 வினாடி அவகாசம், பிராசஸை உறைய வைக்கிற ஃப்ரீசருக்கு 20. எங்க ஜெயிக்க? அந்த 20-ஐ முடிவு பண்ற பிஎம் ஃப்ரீஸ் டைம்அவுட் அமைப்பை 60000 மில்லி வினாடி ஆக்கினேன், தூங்கிடுச்சு. மொட்டைமாடி, நீங்களும் ஏத்திடுங்க.

ரூட்டுராசா:
ஏத்தி என்ன பண்ண? உங்க டிஸ்க் தாமதமானாலும் ஏதோ ஒரு பதில் சொல்லும். அவரோட எல்எஸ், போன வைஃபைக்குக் காத்திருக்கு. 60 வினாடி வச்சா பை இன்னும் 40 வினாடி கூடச் சுடும், அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு தடவை நடந்தது, அதை விடுங்க. கெர்னல் எல்லாரையும் ஸ்டாப் சிக்னல் போட்டு நிறுத்துதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லை. சிக்னல் வந்த மாதிரி பாசாங்கு பண்ணி பிராசஸைத் தட்டி எழுப்புது. அது சிக்னலைக் கவனிக்கப் போற வழியில தானா உறையுது. டி நிலையில இருக்கிறவனுக்கு இந்தத் தட்டல் கேக்காது. பிராசஸைக் கட்டாயமா கொல்லுற கில் 9 கட்டளை எடுபடாததும் அதனாலதான்.

இன்னொண்ணு. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸும் ஒரு சாதா பிராசஸ்தான். யாரை முதல்ல உறைய வைக்கணும்னு வரிசையெல்லாம் கிடையாது. அது முந்தி உறைஞ்சா, நெட் நல்லா இருந்தாலும் பதில் குடுக்க ஆளில்லாம எல்எஸ் மாட்டிக்கும். அதனால சிஸ்டம்டியோட (லினக்ஸ் சேவைகளை நடத்துறது) சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டர்ல ஒரு ஸ்கிரிப்ட் வைங்க. தூங்கறதுக்கு முன்னாடி 'ப்ரீ'ன்னு வரும்போது எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸைக் கொன்னுடணும், காத்திருக்கிறவனுக்கு எரர் கிடைச்சு வெளிய வந்துடுவான். சோதிக்க பிஎம் டெஸ்ட் கோப்புல 'ஃப்ரீசர்'னு எழுதி சஸ்பெண்ட் குடுங்க. உறைய வச்சு, 5 வினாடி நின்னு, திரும்ப விட்டுடும். முடிச்சதும் 'நன்'னு (none, சோதனை வேண்டாம்னு) மாத்த மறக்காதீங்க. டீபக் (பிழை தேடுற) வசதியோட கட்டின கெர்னல்லதான் அந்தக் கோப்பு இருக்கும்.

பழையஇரும்பு:
ராசா, நான் என் டிஸ்க்குக்கு நடந்ததைத்தான் சொன்னேன். போட்டோல 40 வரவே இல்லை, அந்த வயித்தெரிச்சல் எனக்கு.

மொட்டைமாடி:
ஸ்கிரிப்ட் கேக்கவே இல்லையேப்பா நான்! இருந்தாலும் வச்சுட்டேன். இப்பவும் மூடியைச் சாத்தினா, ஃபேன் ஓட்டைகிட்ட காது வச்சுக் கேட்டுட்டுத்தான் பைக்குள்ள போடுறேன். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பாக்குறார்.