அரசுக் காப்பீடு அரசு மருத்துவமனையை வளர்க்கிறதா, அரிக்கிறதா?

மருந்துக்கிடங்கு:
அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் என் மைத்துனர் கழனி வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். முன்பெல்லாம் "எப்போது விழுந்தார்? சர்க்கரை உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், இம்முறை முதலில் கேட்டது காப்பீட்டு அட்டை. அட்டையில் அவருடைய பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததால், அதைச் சரிசெய்து, எக்ஸ்ரே படங்களை ஏற்றி, முன் அனுமதி வந்து, அறுவை அரங்கில் இடம் கிடைக்க ஐந்து நாள் ஆயிற்று. சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டேன். இன்று அவர் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார்.

என் கேள்வி வேறு. அரசு மருத்துவமனைக்குள் நுழையும் எவருக்கும் மருத்துவம் இலவசம் என்பது நம் மாநிலத்தில் காப்பீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த நடைமுறை. அப்படியிருக்க, அரசே அரசுக்கு பில் போட்டு, நடுவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தை உட்கார வைத்து, நோயாளியை ஒரு பேக்கேஜ் எண்ணாக (ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே குறித்த தொகையின் எண்ணாக) மாற்றியதால் நமக்கு என்ன கிடைத்தது? 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தனியார் நிறுவனம் ஒன்றின் வழியாகத் தொடங்கியபோதே, அதற்கான பிரீமியத் தொகையை மாவட்ட மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஆட்சி மாறி, 2012-இல் திட்டத்தின் பெயர் மாறியது, பாதை மாறவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஐயா, உங்கள் மைத்துனர் நலம்பெற்றது மகிழ்ச்சி. நான் ஒரு சிறு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கருத்தை அதை மனத்தில் வைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

2009-க்கு முன் ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் அவருக்கு இருந்த வழிகள் எத்தனை? சென்னையிலோ மதுரையிலோ காத்திருப்போர் வரிசை; இல்லாவிட்டால் தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியார். "அந்தப் பணத்தை அரசு மருத்துவமனைக்கே கொடுத்திருக்கலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதய அறுவை அரங்கு கட்டி, ஆள் பயிற்றுவித்து, அது ஓடத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தக் குழந்தைக்கு அத்தனை காலம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் அரங்கை அரசு விலைபேசி வாங்கியது, அவ்வளவுதான். 2012 திட்டத்தை நடத்த வந்த நிறுவனமும் பொதுத்துறை நிறுவனமே. உங்கள் மைத்துனருக்கு வைத்த தகட்டின் விலையைக்கூட அந்த பேக்கேஜ் தொகைதான் மருத்துவமனைக்கு ஈடுகட்டியிருக்கும்.

இன்னொன்று. இப்படி விலைபேசி வாங்கும் சந்தை முறையைக் கண்டு முகம் சுளிக்கும் நீங்கள், நீங்களே வேலை பார்த்த துறையை மறந்துவிட்டீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்து வாங்குவது எப்படி? டெண்டர் விட்டு, தனியார் நிறுவனங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, குறைந்த விலைப்புள்ளிக்கு வாங்குகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் நம்மைப் பார்த்துத்தான் அப்படிக் கழகம் அமைத்தன. நாடே பாராட்டும் அந்த அமைப்பு சந்தைத் தர்க்கத்தின் பிள்ளை இல்லையா?

மருந்துக்கிடங்கு:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கழகத்துக்கு முந்தைய நாள்களும் பிந்தைய நாள்களும் இரண்டையும் பார்த்தவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முன்பு மாத்திரை டப்பாவில் உதிரியாக வரும். காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் பாதி பொடியாகிக் கிடக்கும். கழகம் வந்தபின் அட்டையில் அடைத்து, தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற அச்சோடு வந்தது. ஆனால் அந்த மாத்திரை என் கவுண்டருக்கு வந்த வழியைப் பாருங்கள். கம்பெனி சரக்கை மாவட்டக் கிடங்கில் இறக்கும். உடனே யாருக்கும் போகாது, தனியே நிறுத்தி வைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் யார் என்பதை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே வரும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. எங்களுக்கு ஒதுக்கிய தொகைக்குள் எங்கள் ஊர் நோய்க்குத் தக்க மருந்தை நாங்கள் கேட்டு எடுப்போம். தேள்கடி மிகுந்த ஊருக்கும் மலேரியா மிகுந்த ஊருக்கும் ஒரே பட்டியலைத் திணிக்கவில்லை.

இங்கே வாங்குபவருக்கு வாங்கும் பொருள் முழுமையாகத் தெரியும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால் அது இருக்கிறதா இல்லையா என்று ஆய்வகம் சொல்லிவிடும். ஓர் அறுவைச் சிகிச்சையை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவீர்கள்? வயிற்றைத் திறந்து மூடியது உண்மைதானா என்று காப்பீட்டு நிறுவனம் சரிபார்க்கலாம். திறந்திருக்க வேண்டுமா என்பதை, விற்கிற அதே மருத்துவர்தான் சொல்கிறார். பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே மருத்துவம் ஏன் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று என்பதற்கு இந்த அறியாமையைத்தான் மையமாக வைத்தார். ஆகவே என் எதிர்ப்பு டெண்டருக்கு அன்று. வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கும் இடத்தில் சந்தையை வைப்பதற்கு.

பொருநை:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓர் எண்ணைச் சேர்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36.0 விழுக்காடு. சிக்கலான பிரசவங்கள் கடைசி நேரத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத் தள்ளப்படுவது ஊரறிந்தது. அதையும் கணக்கில் எடுத்தால் இந்த இடைவெளிக்கு மருத்துவக் காரணம் மட்டும் போதாது.

கணக்குப்பிள்ளை:
அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அதற்கு வெட்கப்பட வேண்டும். ஆனால் முந்தைய கணக்கெடுப்பில், 2015-16-இல், அரசு மருத்துவமனைகளின் அளவு 26 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அங்கே லாபம் பார்க்கும் முதலாளி யாரும் இல்லையே. பின் ஏன் ஐந்தே ஆண்டுகளில் 36 ஆனது? தாமதமான பேறு, வழக்குப் பயம், இரவுப் பணியில் ஆள் குறைவு, நல்ல நாள் பார்க்கும் குடும்பங்கள் என்று பல காரணங்கள் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கின்றன. எல்லாவற்றையும் லாபவெறி என்ற ஒரே பையில் போட்டுக் கட்டினால் அரசுப் பக்கம் திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டுவிடுவோம்.

தாய்லாந்தையும் பாருங்கள். 2002 முதல் அங்கே மருத்துவமனையை நடத்துபவர் வேறு, பணம் தருபவர் வேறு. ஒரு வருகைக்கு 30 பாட் கொடுத்தால் போதும் என்று தொடங்கிய திட்டம் அது. வாங்குபவரையும் விற்பவரையும் பிரித்ததாலேயே பொது மருத்துவம் அழிந்துவிடும் என்றால் அங்கே அல்லவா முதலில் அழிந்திருக்க வேண்டும்?

மருந்துக்கிடங்கு:
அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் கூடியது பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, எடுத்துக்கொள்கிறேன்.

தாய்லாந்தைப் பற்றிப் பாதியைத்தான் சொன்னீர்கள். அங்கே புறநோயாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஊசி கூடப் போட்டால் கூடுதல் வரும்படி என்பது இல்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதியைப் பெறுவனவும் மாவட்டங்கள்தோறும் அரசு முன்னமே கட்டி வைத்திருந்த மருத்துவமனைகள். நம் காப்பீடோ பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை வாங்குபவருக்கு அந்த அட்டையால் ஒன்றும் இல்லை. அவரைத் தாங்குவது ஆரம்ப சுகாதார நிலையமும் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவமும்தான். அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பக்கவாதம் வராது. வராத பக்கவாதத்துக்கு பேக்கேஜ் கிடையாது.

சந்தைத் தர்க்கம் எதுவரை போகும் என்பதற்கு நிதி ஆயோக் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவே சான்று. தனியார் மருத்துவக் கல்லூரிகளிடம் மாவட்ட மருத்துவமனைகளை ஒப்படைத்து, படுக்கைகளை ஒழுங்குமுறைப் படுக்கை (இலவசம்), சந்தைப் படுக்கை (சந்தை விலைக்கு) என்று இரண்டாகப் பிரிக்க அது வழி சொன்னது. சந்தைப் படுக்கை! சொல்லையாவது மறைத்திருக்கலாம்.

அகல்விளக்கு:
இரண்டு பெரியவர்களும் நோயாளியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசிவிட்டீர்கள். நான் அரசு மருத்துவமனைச் செவிலியர். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருத்தி. எங்களுக்குத் தந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு.

எங்களை யாரும் தனியாருக்கு விற்கவில்லை. பெயர்ப்பலகையில் அரசு என்றே இருந்தது. ஆனால் மாத்திரைக்குக் குறைந்த விலைப்புள்ளி பார்த்த அதே கண் எங்களையும் பார்த்தது. தனியார்மயம் என்றால் வாசலில் கம்பெனிப் பெயர் வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வருகைப்பதிவேடு வழியாகவும் வரும்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, அந்தச் சம்பளத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதைச் சந்தை என்று சொல்வது சரியன்று. சந்தையில் செவிலியருக்குத் தட்டுப்பாடு என்றால் சம்பளம் ஏற வேண்டும். அரசு, பெரிய முதலாளி தானே என்ற பேரம்பேசும் பலத்தையும், நிரந்தரம் என்ற ஆசையையும் காட்டி அடிமாட்டு விலைக்கு எடுத்தது. அது அரசின் கஞ்சத்தனம். தனியாரில் அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடங்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துப்புரவு, காவல் போன்ற பணிகளை வெளிமுகமைக்கு விட்டதில் பலன் இருப்பதாகவே நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் அபராதப் பிரிவு இருக்கிறது. தரை அழுக்காக இருந்தால் எழுதிக் கொடுங்கள், பணத்தைப் பிடிப்பார்கள். நிரந்தர ஊழியரிடம் இதைச் செய்ய முடிந்ததா?

அகல்விளக்கு:
ஐயா, நீங்கள் சொல்லும் அந்தப் பிரிவு எனக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி வாந்தி எடுக்கிறார் என்று வையுங்கள். வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு நான் நேரடியாக வேலை சொல்லக் கூடாது. அவர் கம்பெனி ஆள். மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் அடுத்த கட்டடத்தில் இருப்பார். அந்த அக்காவிடமே இரண்டு வார்டும் ஒரு படிக்கட்டும் இருக்கின்றன. ஆள் குறைவு என்பது கம்பெனிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒருமுறை கோபத்தில் எழுதிக் கொடுத்தேன். அபராதம் போட்டார்கள். அடுத்த மாதம் அது கம்பெனியின் லாபத்தில் பிடிபடவில்லை. அந்த அக்காவின் கூலியில் இரண்டு நாளாகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதுவதில்லை. துடைப்பம் வார்டிலேயே இருக்கிறது, நானே எடுத்துக்கொள்கிறேன்.